பதினேழாவது கோடு

வெள்ளகுளம் என்று ஓர் ஊர். ஊர் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். தெற்கே தண்ணீர் மறந்துபோன ஒரு குளம், வடக்கே முப்பிடாதி அம்மன் கோயில், இரண்டுக்கும் நடுவில் தன்னைத் தவிர மற்ற எல்லாரும் பொய்யர்கள் என்று மனதார நம்புகிற ஜனங்கள், அந்த ஜனங்கள் புரண்டு படுப்பதற்குள் அம்மனை எழுப்பிவிடுகிற குழாய் ஒலிபெருக்கி, அந்த ஒலிபெருக்கியில் விடிந்தால் ஆவுடையப்பனின் பாட்டு. அந்தப் பாட்டின் சரணத்தில் ஓர் இடம் வரும். ஆவுடையப்பனின் குரல் அங்கே மட்டும் லேசாக உடையும். உடைந்ததும் ஊரே கண்ணைத் துடைத்துக்கொள்ளும், துடைத்துக்கொண்டு எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டு வாசலில் குப்பையைத் தள்ளும்.

ஆவுடையப்பன் செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. பாட்டைப் பதிவு செய்த கம்ப்யூட்டர் மட்டும் மேலத்தெருவில், அவர் வைத்துவிட்டுப் போன ஒலிப்பதிவுக் கூடத்தில், மஞ்சள் பூத்த பல்லைப்போல நிறம் மாறி இன்னும் உட்கார்ந்திருந்தது. அதற்குள் ஒரே ஒரு மென்பொருள். வெளிநாட்டுக்காரர்கள் அதற்கு ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். திரையில் பதினாறு கோடு தெரியும், ஒரு கோட்டில் குரல், ஒரு கோட்டில் உடுக்கை, ஒரு கோட்டில் நாகசுரம் என்று பிரித்துப் பதியலாம் என்பதால் வெள்ளகுளத்தில் அதற்குப் பதினாறு கோடு என்றே பெயர். அதை இயக்கியவள் ஆவுடையப்பனின் மனைவி தில்லைநாயகி. பக்திப் பாட்டு பாட வருகிறவர்களின் நல்ல இடத்தை வெட்டிக் கெட்ட இடத்தில் ஒட்டுவது அவள் வேலை. இந்த வேலையைப் பல வருடம் செய்கிற யாருக்கும் மனிதர்கள்மேல் மதிப்பு மிஞ்சாது, அவளுக்கும் மிஞ்சவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே வந்தவர்களுக்கு மைக் கோணல், மின்விசிறி கோணல், தில்லைநாயகியின் முகமும் கோணல்.

அவர்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கொன்றுகொண்டிருக்கும்போது அவள் பொழுதுபோகாமல் அந்த மென்பொருளைக் குடைந்துகொண்டிருப்பாள். அப்படித்தான், அதைச் செய்தவர்கள் உள்ளே ஒளித்துவைத்த வேடிக்கைகள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. மூலையில் இருக்கும் இசைக்குறியை விடாமல் தட்டினால் அது கண்ணடிக்கும். தாளம் எண்ணும் பெட்டியில் பூஜ்யம் போட்டால் ஒரு நாய் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடும். செய்தவர்களின் பெயர் வரும் பக்கத்தை இழுத்துப் பிடித்தால் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும்: நாங்கள் பசியோடு இருக்கிறோம், முதலாளி இன்னும் வீட்டுக்கு விடவில்லை. முகம் தெரியாத அந்தப் பசிக்காரர்கள்மேல் அவளுக்கு வந்த பிரியம் வெள்ளகுளத்தில் யார்மேலும் வந்ததில்லை. நாயைக் கண்டுபிடித்த அன்று மட்டும் கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஆவுடையப்பன் பார்த்துவிட்டு, "ம்" என்றார்.

அவர் வீட்டில் அவ்வளவுதான் பேசுவார். சோறு என்பார், கதவு என்பார், மிச்சம் எல்லாம் ம். கல்யாணமான புதிதில் அவள் அடுப்படியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் வாத்தியக்காரர்கள் இருந்தார்கள். அவர் விறுவிறுவென்று உள்ளே வந்து, "பாடாத" என்றார். அன்றைக்கு வாயை மூடியவள்தான். அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து முணுமுணுப்பாள், செருப்புச் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவாள். அவரோடு ஜோடியாகப் பாட வந்த கோமளாவிடம் மட்டும் அவர் வாக்கியம் வாக்கியமாகப் பேசுவதை ஊர் பார்த்தது, பார்த்தால் சும்மா இருக்குமா? உலைவாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அந்தச் சரணத்தில் குரல் உடைவது அம்மனுக்காகவா கோமளாவுக்காகவா என்று கிணற்றடியில் பட்டிமன்றம் நடந்தது. தில்லைநாயகி காதில் விழாததுபோல் வாளியை இறைத்தாள். ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குள்ளேயும் விழுந்து, வெளியே வர வழியில்லாமல் அங்கேயே கிடந்தது.

கோமளா திருப்பூருக்குக் குடிபோனாள், ஆவுடையப்பன் மார்வலியில் போனார், கேள்வி மட்டும் போகவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஓய்வுபெற்ற ஆசிரியர் குற்றாலிங்கம் அம்மன் மேல் தானே எழுதிய பாட்டைப் பாட வந்தார். தாயே தாயே என்று அவர் ஆரம்பித்த சுருதி ஒன்று, முடித்த சுருதி ஒன்று. எரிச்சலில் தில்லைநாயகி பதினாறாவது கோட்டின் அடிவிளிம்பைப் பிடித்துக் கீழே இழுத்தாள். இழுப்பறை திறக்கிறதுபோலப் பதினேழாவதாக ஒரு கோடு வெளியே வந்தது. அதன் பக்கத்தில் அதே பொடி எழுத்தில் ஒரு செய்தி: இதை நாங்கள் வைக்கவில்லை, மன்னிக்கவும்.

அவள் ஆச்சரியப்படவில்லை. பசியோடு வேலை பார்த்தவர்கள் எதையாவது கவனிக்காமல் விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒலிக்கவிட்டாள். குற்றாலிங்கத்தின் குரல் தாயே தாயே என்று மேலே போக, அடியில் ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற தினுசில், ஆணுமில்லாத பெண்ணுமில்லாத ஒரு குரல், ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லிக்கொண்டு போனது: "மச்சான் வீட்டுச் சுவர் நம்ம பக்கம் அரை அடி தள்ளி நிக்கி. கேஸ் போடணும். தாயே நீயே கதின்னு இழுக்கணும் இந்த இடத்துல. மத்தியானம் புளிக்குழம்பா, ரசமா. அரை அடி. அரை அடி."

குற்றாலிங்கம் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "யாரும்மா அது குறுக்க பேசுதது?"

"நீங்கதான் சார்."

"நான் பாடுதேன்லா?"

"ஆமா. பாடிக்கிட்டே இதை நினைச்சிருக்கீக."

படிக்கிறது திருவாசகம், இடிக்கிறது சிவன் கோயில் என்று சும்மாவா சொன்னார்கள். பழைய பாட்டுகளைத் திறந்து பார்த்தால் எல்லாவற்றின் அடியிலும் பதினேழாவது கோடு இருந்தது, எல்லாவற்றிலும் அதே ரயில் நிலையக் குரல், பாடியபோது பாடியவர் நினைத்ததைச் சொன்னது. சிவராத்திரிப் பாட்டின் அடியில் தங்கச்சியின் நெக்லஸ். தாலாட்டின் அடியில் தூக்கம் தூக்கம் என்று ஒரு புலம்பல். ஊர்ப் பஜனைக் குழு கூடிப் பாடியதன் அடியில் அத்தனை பேரும் பக்கத்தில் நிற்பவனின் வேர்வை நாற்றத்தைப் பற்றி ஒரே நேரத்தில் நினைத்திருந்தார்கள், வெள்ளகுளத்தின் சரித்திரத்தில் எல்லாரும் ஒன்றுபட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

வேறு ஊராக இருந்தால் வெட்கப்பட்டிருக்கும். வெள்ளகுளம் முதலில் மிஷின் கெட்டுவிட்டது என்றது, பிறகு தில்லைநாயகி கெட்டவள் என்றது, பிறகு, அடுத்தவன் கோட்டைக் கேட்கிற ருசி தெரிந்ததும், இது முப்பிடாதி அம்மனின் திருவிளையாடல் என்று சொல்லிக் கம்ப்யூட்டருக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து மேலே ஒரு எலுமிச்சம்பழத்தையும் அறுத்து வைத்தது. சாறு உள்ளே இறங்கி, அதைக் குளிரவைக்கிற விசிறி நின்றுபோனது. அம்மன் மூச்சை அடக்கித் தவம் இருக்கிறாள் என்றார்கள். தில்லைநாயகி வேறு விசிறி வாங்கி மாட்டினாள்.

பிறகு பெண் பார்க்கிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். பெண் பார்க்க வந்தால் பெண்ணை ஒரு பாட்டுப் பாடச் சொல்வது அந்தப் பக்கத்து வழக்கம். பெண் தலையைக் குனிந்து ஒரு பாட்டைப் பாடும், மாப்பிள்ளையின் அம்மா சங்கீதம் கரைத்துக் குடித்தவள் மாதிரித் தலையாட்டுவாள். அதையே தில்லைநாயகியின் கூடத்தில் வைத்துக்கொண்டால் பெண்ணின் மனசும் தெரிந்துவிடுமே என்று ஒரு புத்திசாலிக்குத் தோன்ற, மாப்பிள்ளை வீட்டார் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். ஒரு பெண் கண்மூடி உருகிப் பாடினாள். அடியில், "இவன் காதுல எவ்வளவு முடி. இவ்வளவு முடி. இவன்கூடயா. அம்மா ஏன் தலையாட்டுதா" என்று வந்தது. அடுத்த வாரம் பெண் வீட்டார் மாப்பிள்ளையும் பாடட்டும் என்றார்கள், மாப்பிள்ளையின் கோட்டைக் கேட்டதும் பெண்ணின் அப்பா காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்தார். அந்த ஆவணியில் வெள்ளகுளத்தில் ஒரு கல்யாணமும் நடக்கவில்லை. ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டால் கல்யாணம் நடக்காது என்பது இந்த ஜனங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதற்கும் வழி கண்டார்கள். குற்றாலிங்கம் தன் வீட்டு மாடியில், மச்சான் சுவருக்கு நேர் எதிரே, நினைப்பு வகுப்பு தொடங்கினார். வாய் பாடும்போது மனசு என்ன நினைக்க வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அம்மா அம்மா என்று நினைக்கலாம், குடும்பம் தழைக்கணும் என்று நினைக்கலாம், நல்ல காரியத்துக்கு வந்தவர்கள் மாமியாரின் மூக்குத்தி அழகு என்று நினைக்கலாம். தை பிறந்தபோது வெள்ளகுளத்தில் பாடுகிற எல்லாருடைய பதினேழாவது கோடும் துடைத்துவைத்த குத்துவிளக்குப்போல் ஜொலித்தது. கல்யாணங்கள் பழையபடி நடந்தன. வாயால் மட்டும் பொய் சொல்லிக்கொண்டிருந்த ஊர் மனசாலும் பொய் சொல்லக் கற்றுக்கொண்டது, அதற்குப் பக்தி முற்றிவிட்டது என்று பெயரும் வைத்துக்கொண்டது. தில்லைநாயகி காதில் கருவியை மாட்டிக்கொண்டு அந்தச் சுத்தமான நினைப்புகளைக் கேட்பாள், பாதியிலேயே கழற்றி வைத்துவிடுவாள். அரை அடி அரை அடி என்று கிடந்த பழைய குற்றாலிங்கமே தேவலை என்று இருந்தது.

ஆக, உண்மை கேட்க வேண்டுமென்றால் பழைய பாட்டுகள்தான் மிச்சம். அதிலும் பெரிய மனிதர்களின் கோட்டைத் திறக்கக்கூடாது என்று கோயில் கமிட்டி கூடித் தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் கமிட்டித் தலைவர் உலகநாதன். எப்போதோ ஆசைப்பட்டு, தானே செலவு செய்து, ஊரைக் கூட்டி மாலை மரியாதையோடு அவர் ஒரு அம்மன் பாட்டுப் பாடியிருந்தார். அதை அழித்துவிடும்படி தில்லைநாயகியிடம் நேரில் வந்து சொன்னார். அவள் சரி அண்ணாச்சி என்றாள், அழிக்கவில்லை. அழிக்காததற்குக் காரணம் எதுவும் அப்போது அவளுக்கு இல்லை, அவர் சொன்னதைச் செய்யப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பங்குனியில் அம்மனுக்குக் கொடைத் திருவிழா வந்தது. கொடைக்குக் கால்நாட்டிய அன்று உலகநாதன் கமிட்டியோடு கூடத்துக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, மதியக் கொடைக்கு ஆவுடையப்பன் பாட்டை அந்தக் கோட்டோட போடணும்னு ஊர்ல பிரியப்படுதாக. எத்தனை வருசமா அழுதுக்கிட்டு இருக்கோம், எதுக்கு அழுதோம்னு தெரிய வேண்டாமா?"

"அவுக செத்துப்போயிட்டாக அண்ணாச்சி. செத்தவுக மனசை எதுக்கு ரேடியோல போடணும்?"

"மடியில கனமில்லன்னா வழியில என்ன பயம்?" என்றார் உலகநாதன், தன் மடியைத் தீர்மானம் போட்டுப் பூட்டி வைத்திருந்த மனிதர். "போடமாட்டேன்னா ஊரு கோமளா பேரைத்தான் சொல்லும். நான் சொல்லமாட்டேன். ஊரு சொல்லும். பெறகு, மிஷினும் இப்ப அம்மன் சொத்து. மஞ்சள் பூசியாச்சுல்லா?"

அவர்கள் போன பிறகு தில்லைநாயகி கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தாள். ஊரில் எல்லாருடைய அடிக்கோட்டையும் கேட்டு எல்லாரையும் துச்சமாக நினைத்தவள், அந்த ஒரு பாட்டை மட்டும் திறந்ததே இல்லை. ஊரைப் பார்த்துச் சிரிக்கிற தைரியம் இருந்தது, இதற்கு இல்லை. அவளுக்கு அது தெரியும். தெரிந்ததால் தன்மேலேயே கோபமாக வந்தது.

மறுநாள் ஊர் முழுக்கக் கோயிலில் அன்னதானப் பந்திக்கு இடம்பிடிக்க ஓடியிருந்த மத்தியானத்தில், வாசல் கதவைச் சாத்திவிட்டு, பதினாறாவது கோட்டின் அடிவிளிம்பைப் பிடித்து இழுத்தாள்.

ஆவுடையப்பன் பாடினார். அடியில் அந்த ரயில் நிலையக் குரல் சொன்னது: "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிஷின்கிட்ட நிக்கா. காலையில இருந்து ஒண்ணும் திங்கல. சொல்லவும் மாட்டா. பல்லவி முடிஞ்சா போய்ச் சாப்பிடுன்னு சொல்லணும். எப்படிச் சொல்ல. வாய் வரமாட்டேங்கு. கோமளாட்ட ஆயிரம் பேசுதேன், அவ யாரோ, பேச வருது. இவகிட்ட வரமாட்டேங்கு. இந்த மெட்டு இவளோடது. அடுப்படியில இவ முணுமுணுத்தது. வாத்தியக்காரப் பயலுக கேட்டா களவாண்டுருவானுகன்னு பாடாதன்னேன். கடைசியில நானே களவாண்டுட்டேன். சொன்னா முணுமுணுக்கிறதை நிறுத்திருவாளோ. வாசல்ல நான் செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு நின்னு கேக்கது அவளுக்குத் தெரியாது." பிறகு சரணம் வந்தது, ஊர் அழுகிற அந்த இடம் வந்தது, குரல் உடைந்தது. அடியில், "நாயகி, மன்னிச்சுக்கோ" என்று இருந்தது.

அவர் அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டதே இல்லை.

தில்லைநாயகி சத்தம் போட்டு அழுதாள். "அட கோழைப் பயலே" என்று திரையைப் பார்த்துத் திட்டினாள். "சாப்பிடுன்னு ஒரு வார்த்தை சொல்லதுக்கு என்ன கேடு ஒமக்கு?" என்று கேட்டாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த மனுஷன் வாசலில் நிற்கிற கோலம் கண்ணில் வந்ததும் அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பும் வந்தது. இந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொள்ள அவளுக்கு இடம் போதவில்லை. உடனே, இதை ஊர்க்காரர்களும் கேட்பார்கள் என்ற நினைப்பு வந்தது. கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நினைப்பு வகுப்பில் இதைப் பாடமாக வைப்பார்கள். பெண் பார்க்க வருகிற ஒவ்வொரு காதுமுடிக்காரனும் மனசுக்குள் நாயகி மன்னிச்சுக்கோ என்று ஒப்பிப்பான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் வேலையைச் செய்தாள். ஆவுடையப்பனின் பதினேழாவது கோட்டை வெட்டி எடுத்தாள். உலகநாதனின் பாட்டைத் திறந்து அதன் அடிக்கோட்டை வெட்டி இங்கே ஒட்டினாள். வெட்டி எடுத்ததை இன்னும் ஒரு தடவை கேட்டுவிட்டு அழித்தாள்.

மதியக் கொடையன்று கம்ப்யூட்டரைச் சப்பரத்தில் ஏற்றி, குடைபிடித்து, மேளத்தோடு கொண்டுபோய்ப் பந்தலில் வைத்தார்கள். முன்வரிசையில் மாலையோடு உலகநாதன். ஆவுடையப்பனின் குரல் எழுந்ததும் பெண்கள் முந்தானையைத் தயாராக எடுத்துக்கொண்டார்கள். அடியில் அந்தக் குரல் ஆரம்பித்தது:

"எனக்குப் போட்ட மாலை சின்னது. போன தடவை அவனுக்குப் போட்டது இதைவிடப் பெருசு. இடுப்பு வரை தொங்குச்சு. எனக்கு நெஞ்சோட நிக்கி. வேணும்னே செஞ்சிருக்கானுக. எல்லாரும் என்னைத்தான் பாக்காக. தாயே. இன்னும் கொஞ்சம் பாக்கட்டும். போட்டோக்காரன் எங்க போனான். அடுத்த தடவை ரெட்டைச் சரமாச் சொல்லணும். தாயே."

சரணத்தில் குரல் உடைந்த இடத்தில், "மாலை சின்னது" என்று மறுபடி வந்தது.

பந்தலில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருவன் சிரித்தான், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். எவ்வளவு நிம்மதி அந்தச் சிரிப்பில்! இத்தனை வருடம் தங்களைவிட ஒருத்தன் மேலே இருக்கிறான் என்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவர்கள் அவர்கள். உலகநாதன் தன் சொந்த நினைப்பைக் கடைசி வரை கேட்டார். தன் மனசுக்குள் ஒருநாளும் எட்டிப் பார்த்திராதவருக்கு அதை எப்படி அடையாளம் தெரியும்? கழுத்தில் கிடந்த மாலையை நேராக இழுத்துவிட்டுக்கொண்டு, முகத்தைச் சுளித்தார்.

"சீச்சீ! இவ்வளவு சின்னப் புத்தியா இவனுக்கு? அம்மன் பாட்டுல மாலைக் கணக்கு. இவனுக்காகவா இத்தனை நாள் அழுதோம்?"

"ஆமா அண்ணாச்சி, சின்னப் புத்திதான்" என்றாள் தில்லைநாயகி. "அசிங்கமாத்தான் இருக்கு. இப்படி ஒரு ஆளை நாம தலையில தூக்கி வச்சிருக்கோமேன்னு எனக்கே வெக்கமா இருக்கு."

"நீ என்ன செய்வ, பாவம்" என்று உலகநாதன் பெருந்தன்மையாகச் சொன்னார்.

அடுத்த நாளே கமிட்டி கூடி, சின்னப் புத்திக்காரன் பாட்டு அம்மனை எழுப்பக்கூடாது என்று தீர்மானம் போட்டது. உலகநாதன் புதிதாக ஒரு பாட்டுப் பாடினார், நினைப்பு வகுப்பில் பழகி, அடிக்கோடு பளிச்சென்று. இப்போது அம்மன் அதைக் கேட்டுத்தான் எழுகிறாள், எழாமல் என்ன செய்வாள், காது இருக்கிறதே. கம்ப்யூட்டர் கோயிலிலேயே நின்றுவிட்டது. தில்லைநாயகி அதைத் திரும்பக் கேட்கவில்லை. பசியோடு வேலை பார்த்த அந்த முகம் தெரியாதவர்களை மட்டும் அவ்வப்போது நினைத்துக்கொண்டாள்.

அவள் அடுப்படியில் பாட ஆரம்பித்திருந்தாள். முணுமுணுப்பு இல்லை, கதவைத் திறந்து போட்டுக்கொண்டு வாய்விட்டு, அந்த மெட்டை. சரணம் வரும்போது ஒரு நிமிடம் நிறுத்தி வாசல் பக்கம் பார்ப்பாள், பிறகு தொடர்வாள். ஒரு நாள் எதிர்வீட்டு இசக்கியம்மாள், இத்தனை வருடம் விடிந்தால் அந்தப் பாட்டைக் கேட்டு அழுதவள், உறைமோர் வாங்கக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"மைனி, நல்லாருக்கே. புதுப் பாட்டா?"

தில்லைநாயகி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பழசுதான்" என்றாள். "நீ சாப்பிட்டியா?"